முதுகில் ஒரு ஜாபிதா

‘எனக்குக் கத்தரிக்காய் சேராது’ என்று பந்தியில் உட்கார்ந்தபடியே இலையைக் கையால் மறைத்துக்கொள்ளும் பெரியவரைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. ஏன் சேராது என்று கேட்டால், சிறு வயதில் ஒரு தரம் தின்று உடம்பெல்லாம் தடித்துப்போன கதையைச் சொல்வார். அந்தத் தடிப்புக்குக் காரணம் அன்றைய கத்தரிக்காய்தானா, அதோடு கூடச் சாப்பிட்ட வேறொன்றா, அல்லது அன்று முதன்முதலாக உடுத்திக்கொண்ட கோடி வேட்டியின் சாயமா என்பதை அவரும் விசாரித்ததில்லை, அவருக்கு வைத்தியம் பார்த்தவரும் விசாரித்ததில்லை. ‘அது அவருடைய உடம்புவாகு’ என்ற ஒரு வார்த்தையோடு வழக்கு தீர்ந்துவிடும். இதைக் கொண்டு நம்மவரைக் குறைத்துப் பேசவேண்டிய அவசியமில்லை. ஐரோப்பிய வைத்தியர்களும் வெகுகாலம் வரையில் இதற்குமேல் ஒன்றும் கண்டுவிடவில்லை. அவர்கள் பெரிய மரியாதையோடு உச்சரித்துவந்த ‘இடியோசின்கிரஸி’ என்னும் கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘தனக்கே உரிய கலப்பு’ என்றுதான் பொருள்படுகிறது. நம் உடம்புவாகுதான், கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு நிற்கிறது.

உண்ணும் பொருளின் கதை தனி. நான் இங்கே எடுத்துக்கொண்டது தொடும் பொருளின் கதை. கைக்கடிகாரத்தின் அடிப்பக்கம், தலைச்சாயம், செருப்பு வார், சிமெண்ட், நெற்றிப்பொட்டு, பூந்தொட்டியில் வளர்க்கும் செடி என்று ஆயிரம் பேர் தொட்டு ஒன்றும் ஆகாமல் போகிற பொருள், ஆயிரத்தோராவது மனிதருக்கு மாத்திரம் கரப்பானாகக் கிளம்பி, அரித்து, வெடித்து, நீர் வடிவதற்குக் காரணம் என்ன என்பதை, நோயாளியின் ஞாபகத்தைக் கேட்காமல் அவருடைய தோலையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்பது என்ற உபாயம் மனிதருக்குத் தோன்றி நூற்றுமுப்பது வருஷங்களுக்குச் சற்று அதிகமாகிறது. ஆஸ்பத்திரிகளில் இதைப் ‘பேட்ச் டெஸ்ட்’ என்கிறார்கள். தமிழில் ஒட்டுப் பரீட்சை எனலாம்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஜெர்மானிய ரசாயனியான ஸ்டேடலர் என்பவர் 1847-ஆம் ஆண்டில் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெயை ஆராய்ந்து, அதிலுள்ள காரமான சரக்குக்குக் ‘கார்டால்’ என்று பெயரிட்டார். அந்த எண்ணெயை மார்பின் அடிப்பகுதியில் சிறிதளவு தடவி, அதில் தோய்த்த ஒரு துண்டு ஒற்றுத்தாளையும் அதன்மேல் ஒட்டிவைத்து, எரிச்சல் எப்போது தொடங்கியது, எப்போது உச்சத்துக்குப் போயிற்று, தோல் எப்படி வெளுத்துச் சுற்றிலும் சிவந்தது என்று கணக்கெழுதினார். பண்ணுருட்டிப் பக்கத்தில் பச்சை முந்திரிக்கொட்டை உடைத்துப் பழகியவர்களுக்கு இந்தச் செய்தியை அறிய ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை என்பது வாஸ்தவமே. ஆனாலும் ஒற்றுத்தாளில் ஒரு பொருளை நனைத்துத் தோலில் ஒட்டிவைத்துக் காத்திருத்தல் என்ற செய்கையை எழுத்தில் பதிந்தவர்களில் அவரே முந்தியவர். அதே நூற்றாண்டின் இறுதியில், பூச்சிகளின் சரித்திரத்தை எழுதிப் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் ஃபாப்ர், பைன் மரத்தில் வரிசையாக ஊர்ந்துபோகும் கம்பளிப்புழுவின் நமைச்சல் எதனால் உண்டாகிறது என்று அறிய ஆசைப்பட்டு, புழுத்தோலிலிருந்து ஈதரில் வடித்தெடுத்த சத்தை நாலாக மடித்த ஒற்றுத்தாளில் ஏற்றித் தம் முன்கையில் வைத்து, அதன்மேல் நீர் புகாத துணியைப் போட்டுக் கட்டிக்கொண்டு, இரவெல்லாம் தூங்காமல் அவதிப்பட்டார். ரோமம் குத்துவதனால் மட்டும் வந்த உபத்திரவமல்ல, அதற்குள்ளே ஒரு விஷமும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டபோது அவருக்கு உண்டான சந்தோஷம், கையின் வேதனையைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் மறுபடியும் அதே கையில் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

இவ்விருவரும் கண்டது பொருளின் குணம். முந்திரி எண்ணெய் யார் தோலில் பட்டாலும் பொத்துப்போகும். கம்பளிப்புழு யாரையும் விட்டுவைக்காது. ஒருவருக்கு மட்டும் சேராமற்போவது என்பது வேறு புதிர். அந்தப் புதிரைக் கைக்கு அடக்கமானதாக்கியவர் யோசெஃப் யாடஸோன்.

இன்றைக்குப் போலந்து தேசத்தில் விரோட்ஸ்வாஃப் என்று வழங்குகிற நகரம் அந்நாளில் ஜெர்மானியரின் பிரெஸ்லாவாக இருந்தது. அங்கே ஆல்பர்ட் நைஸர் என்ற பெரும் வைத்தியரிடம் பயின்று, சருமநோய்ப் பகுதியின் தலைமை வைத்தியராக யாடஸோன் வேலைபார்த்துவந்த காலத்தில், பாதரசம் இன்று நாம் நினைத்துப் பயப்படுகிற பண்டமாக இல்லை. மேகநோய்க்கும் பாதரசம், பேனுக்கும் பாதரசம். சாம்பல் நிறமான பாதரசக் களிம்பை நோயாளியின் உடம்பில் தேய்க்காத ஆஸ்பத்திரியே கிடையாது. அப்படித் தேய்த்துக்கொண்டவர்களில் சிலருக்கு மாத்திரம் உடம்பெங்கும் கரப்பான் பொங்கிற்று. மற்ற வைத்தியர்கள் களிம்பை நிறுத்திவிட்டு அப்பால் போய்விடுவார்கள். யாடஸோன் அப்படிப் போகாமல், நோய் அடங்கிய பின் அந்த நோயாளியின் கையில் பாதரசப் பிளாஸ்திரியின் ஒரு சிறு துண்டை வேண்டுமென்றே ஒட்டிவைத்தார். ஒட்டிய இடத்தில், ஒட்டிய அளவுக்கு, அதே கரப்பான் சின்னஞ்சிறு உருவில் மறுபடியும் எழும்பிற்று. 1895-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் நகரில் கூடிய ஜெர்மானியச் சருமவைத்தியர் மகாநாட்டில் அவர் இதை எடுத்துரைத்தார். மறு வருஷம் அது அச்சாயிற்று. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது.

இந்தச் செய்கையின் நூதனம் மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்குப் புலப்படாது. வைத்தியன் நோயைப் போக்குகிறவன் என்பதுதான் உலக வழக்கு. நோயைத் தன் கையாலேயே, ஆனால் ஒரு நாணயத்தின் அகலத்துக்குள், உண்டாக்கிப் பார்த்து அதைக் கொண்டு காரணத்தை நிச்சயிப்பது என்பது, திருடனைப் பிடிக்க ஒரு சிறு திருட்டுக்கு இடங்கொடுத்துவிட்டு வாசலில் காத்திருப்பது போன்ற யுக்தி. அதில் இன்னொரு சூட்சுமமும் அடங்கியிருந்தது. வியாதி இருந்த இடத்துக்கும் ஒட்டிய இடத்துக்கும் சம்பந்தமில்லை. ஆகவே, கையில் வெடித்தவனுக்கு முதுகும் சாட்சி சொல்லும், அவன் தோல் முழுவதுமே அந்தப் பொருளை அறிந்துவைத்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. ‘அலர்ஜி’ என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. வியன்னாவில் வான் பிர்க்கே அதை உண்டாக்கினது 1906-இல்தான்.

யாடஸோன் பிரெஸ்லாவை விட்டு ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்துக்குப் பேராசிரியராகப் போனார். அந்த நாட்டில் இந்தப் பரீட்சையைச் சாஸ்திரமாக வளர்த்தவர் புரூனோ பிளாக். முதலில் பாஸலிலும் பிறகு 1916 முதல் ஸூரிச்சிலும் இருந்த இவர், நூல்துணியில் பொருளைத் தடவி ஒட்டும் முறையை ஒழுங்குபடுத்தி, எந்தப் பொருளை எத்தனை வீதம் கலக்கவேண்டும், எப்போது எடுத்துப் பார்க்கவேண்டும் என்பவற்றைச் சிரத்தையாக வகுத்தார். அவருடைய விசேஷமான ஆராய்ச்சி ஒரு பூஞ்செடியைப் பற்றியது. சீனத்திலிருந்து 1880-களில் ஐரோப்பாவுக்கு வந்த ‘பிரிமுலா ஒப்கோனிகா’ என்ற செடி, குளிர்காலத்திலும் ஜன்னலோரத்தில் மலர்ந்து நிற்கும் குணத்தினால், வீட்டுக்கு வீடு குடியேறிவிட்டது. அதன் இலையிலும் காம்பிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் உண்டு. வாடின இலையைக் கிள்ளி எறியும் வீட்டுக்காரியின் விரல்நுனியில் தொடங்கும் கரப்பான், அவளையறியாமல் கன்னத்துக்கும் கண்ணிமைக்கும் போய்ச் சேரும். முகத்தில் நோய் வந்தவள் பூந்தொட்டியைச் சந்தேகிப்பாளா? சோப்பைச் சந்தேகிப்பாள், காற்றைச் சந்தேகிப்பாள், மாமியாரின் கண்ணேறு என்றுகூட நினைப்பாள். தான் தினந்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடியை நினைக்கமாட்டாள்.

பிளாக் அச்செடியின் சத்தை எடுத்து, அதுவரை அச்செடியால் தொல்லைப்படாத ஆரோக்கியமான மனிதர்களின் தோலில் பலமாக வைத்து, அவர்களையும் அதற்குச் சேராதவர்களாக்கிக் காட்டினார். 1926-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே, மனிதரிடத்தில் வேண்டுமென்று பிரிமுலா ஒவ்வாமையை உண்டாக்குதல் என்பதுதான். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியின் தர்மசபையும் இதற்குச் சம்மதம் தராது. அந்த மனிதர்கள் அப்புறம் ஆயுள் முழுதும் பூக்கடைப் பக்கம் போகாமல் இருக்கவேண்டியிருந்திருக்குமே என்று நினைக்கும்போது எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அந்தப் பரீட்சையினால் உடம்புவாகு என்ற பழைய கோட்டையில் பெரிய விரிசல் விழுந்தது. பிறக்கும்போதே தலையில் எழுதிவைத்த விதியல்ல, பழகிப்பழகி ஒருநாள் வந்து சேரும் பகை அது என்று நிரூபணமாயிற்று. மறு வருஷமே பிளாக், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பால் கார்ரர் என்ற ரசாயனியோடு சேர்ந்து, அந்தச் செடியின் விஷத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதற்குப் ‘பிரிமின்’ என்று பெயர்.

பிளாக்கிடம் ஸூரிச்சிலும், முதிர்ந்த வயதில் பிரெஸ்லாவுக்கே திரும்பிவிட்ட யாடஸோனிடமும் பாடங்கேட்ட மாரியன் ஸல்ஸ்பர்கர் என்ற அமெரிக்க இளைஞர், 1929-இல் நியூயார்க் திரும்பியபோது, இந்தப் பரீட்சையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனார். 1931-இல் அவரும் வைஸ் என்பவரும் எழுதிய கட்டுரையினால் அமெரிக்காவெங்கும் அது பரவிற்று. அவர் போன சமயம் நல்ல சமயம். யாடஸோன் யூதர், அவருடைய சீடர்களிலும் யூதர் பலர். ஹிட்லரின் ஆட்சி வந்ததும் பிரெஸ்லாவின் சருமவைத்திய பீடம் கலைந்து, கற்றவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஓய்வுபெற்று ஸூரிச்சுக்குப் போன யாடஸோன் 1936-இல் அங்கேயே காலமானார். குரு பிறந்த நாட்டில் நசுக்கப்பட்ட வித்தை, சீடன் போன நாட்டில் பிழைத்தது. இரத்தத்தின் வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனரும் நியூயார்க்கிலேதான், 1942-இல், சேஸ் என்பவரோடு கூட, ஒரு ரசாயனத்துக்குச் சேராத கினிப்பன்றியின் உயிரணுக்களை எடுத்து வேறொரு கினிப்பன்றிக்குச் செலுத்தினால் இதற்கும் அந்தச் சேராமை போய்ச் சேருகிறது என்று காட்டினார். வெறும் இரத்தநீரினால் அது போகவில்லை, உயிரணுவோடுதான் போயிற்று. தோலின் ஞாபகம் எங்கே குடியிருக்கிறது என்பதற்கு விலாசம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இவை ஒன்றுமல்ல. கோபன்ஹேகன் நகரத்து வைத்தியர் பவுல் போன்னெவி 1939-இல் கரப்பான் நோய்களின் காரணங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அதில் ஒரு சிறிய ஜாபிதா இருக்கிறது: இருபத்தொரு பொருள்கள். அதற்குமுன் வைத்தியர்கள், நோயாளி எதைச் சந்தேகிக்கிறானோ அதை மட்டும் ஒட்டிப் பார்த்துவந்தார்கள். போன்னெவியோ, தம்மிடம் வந்தவர்களைப் பல வருஷங்கள் பரீட்சித்த அநுபவத்திலிருந்து, அடிக்கடி குற்றவாளியாக அகப்படுகிறவற்றைப் பொறுக்கியெடுத்து, யார் வந்தாலும் இவ்வளவையும் ஒட்டிப் பார்த்துவிடுவது என்று ஏற்படுத்தினார். போலீஸ் ஸ்டேஷனில் பழைய கேடிகளின் பட்டியல் தொங்குகிறதல்லவா, அதுபோல.

அந்த ஜாபிதாவை ஒருமுறை வாசித்துப் பார்த்தால் 1930-களின் டென்மார்க்கு ஊர்வலமாக வந்துவிடும். முதலில் டர்ப்பண்டைன்: சாயமடிப்பவர்களும் தரை மெழுகுபவர்களும். பைன் மரத்துப் பிசின், புண்ணுக்கான களிம்புகளிலும் சேரும் பெரு பால்சம் என்ற வாசனைப் பிசின், கீல் எண்ணெய்கள். ஃபார்மால்டிஹைட்: ஆஸ்பத்திரிகளும் சோதனைச்சாலைகளும். யாடஸோனின் பழைய பாதரசமும் அதில் உண்டு. வெள்ளி நைட்ரேட்டைக் கையாண்டவர்களில் போட்டோக்காரர் உண்டு. பொட்டாசியம் டைக்ரோமேட்டைக் கையாண்டவர்களில் தோல் பதனிடுபவர் உண்டு. நிக்கல் சல்பேட் என்றால் முலாம் பூசுகிறவர்கள். குவினைனும் அயோடினும் மருந்துப்பெட்டியிலிருந்து வந்தன, பாரா-ஃபினிலீன்-டயமின் தலைச்சாயப் புட்டியிலிருந்து, சோப்பு சலவைத்தொட்டியிலிருந்து. பிரிமுலா செடியை ஒன்றும் கலக்காமல் அப்படியே வைத்தார்கள். கடைசியில், பரீட்சைப் பொருளை ஒட்டுவதற்கு உபயோகப்படும் பிளாஸ்திரியும் ஒரு குற்றவாளியாக ஜாபிதாவிலேயே உட்கார்ந்திருக்கிறது! சாட்சியைக் கூப்பிட வந்த சேவகனையும் கூண்டில் நிறுத்திய நியாயாதிபதி போன்னெவி. அவர் டைக்ரோமேட்டுக்கு 0.5 சதவீதம், நிக்கலுக்கு 5 சதவீதம், பெரு பால்சத்துக்கு 25 சதவீதம் என்று விதித்த அளவுகளே இன்றும் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் வழங்குகின்றன என்றால், அந்த மனிதரின் கைநிதானத்தை மெச்சாமல் இருக்கமுடியாது.

யுத்தம் வந்தது. ஜாபிதாவில் இல்லாத ஒரு பொருள் இந்தியாவில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பிடித்துக்கொண்டது. பிடரியிலும் இடுப்பிலும், நாணயமளவுக்கு, அளந்துவைத்தாற்போல் நீர்க்கொப்புளங்கள். வைத்தியர்கள் சட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, கொப்புளம் இருந்த இடத்துக்கு நேரே கறுப்பு மையில் ஒரு குறி: வண்ணான் குறி. துணி மாறிப்போகாமலிருக்க நம் சலவைக்காரர்கள் சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் பாலைத் துணியோரத்தில் தொட்டு, சுண்ணாம்பால் அதைக் கறுக்கச்செய்து இடும் குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மேலைநாட்டுச் சிப்பாய்க்குத் தெரியாது. சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குலத்து மரங்கள். அமெரிக்கக் காடுகளில் அவர்களைப் பிறந்தது முதல் படுத்திவந்த விஷக்கொடியும் அதே குலந்தான். ஊரில் அந்தக் கொடியோடு பகைத்துக்கொண்ட தோல், கடல்கடந்து வந்தும் உறவினனை முகம்பார்த்து அடையாளங்கண்டுகொண்டது. லிவிங்குட் முதலிய மூவர் 1943-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் இதை எழுதினார்கள். மலையாள நாட்டில், இதே குலத்துச் சேரு மரத்தால் உடம்பு பொங்கினவர்களைத் தான்றி மரத்தைச் சுற்றிவந்து, சேரு செய்ததைத் தான்றி பொறுக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொல்லும் வழக்கம் உண்டு. அமெரிக்கர்கள் தான்றியைச் சுற்றவில்லை. குறியைக் கத்தரித்து எறிந்தார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு இந்தப் பரீட்சை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாக நடந்துவந்தது. ஒருவர் நிக்கலை நீரில் கரைப்பார், மற்றவர் களிம்பில் குழைப்பார். ஒருவர் ஒரு நாளில் எடுப்பார், மற்றவர் மூன்று நாள் விடுவார். இங்கே சேராது என்ற பொருள் அங்கே சேரும் என்றாகும். 1962-இல் ஸ்காண்டிநேவிய தேசங்களின் வைத்தியர் சிலரும், 1966-இல் கோபன்ஹேகன் பக்கத்து நீல்ஸ் யோர்த் முதலியவர்களின் முயற்சியால் சர்வதேச அளவில் ஒரு குழுவும் கூடி, எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே அடையாளம் என்று ஏற்படுத்தினார்கள். ஃபின்லாந்துக்காரரான பிரிலா 1975-இல் எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள அலுமினியச் சிறு கிண்ணத்தைச் செய்துகொடுத்தார். பழைய நூல்துணிக்கு ஓய்வு கிடைத்தது.

முறை மிகவும் எளிது, பொறுமைதான் வேண்டும். வாஸலினில் குழைத்த பொருள்கள் வரிசை வரிசையாகக் கிண்ணங்களில் இடப்பட்டு முதுகில் ஒட்டப்படுகின்றன. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து எடுத்து, பிளாஸ்திரியின் சிவப்பு அடங்கும் வரையில் சற்றுக் காத்திருந்து பார்க்கிறார்கள். மூன்றாம் அல்லது நாலாம் நாள் மறுபடியும் பார்க்கிறார்கள். எரிச்சலால் வந்த சிவப்பு முதலில் எகிறிப் பிறகு வாடும். ஒவ்வாமையால் வந்தது நாளாக ஆகத் தடித்து, விரலுக்குத் தட்டுப்படும். இந்த வித்தியாசம் கண்ணால் மட்டும் தெரியாது, தடவிப் பார்த்துத்தான் தெரியும் என்று பழகின வைத்தியர்கள் சொல்வார்கள். நியோமைசின் மருந்து போன்ற சில ஒரு வாரம் வரையில் மௌனமாக இருந்து பிறகு வாய்திறக்கும். சில சமயம் ஒன்று பலமாகக் கிளம்பினால் அக்கம்பக்கத்திலுள்ள நிரபராதிகளும் சேர்ந்து சிவந்துவிடுவதுண்டு; 1975-இல் மிட்சல் என்பவர் அதற்குக் ‘கோபங்கொண்ட முதுகு’ என்று பெயரிட்டார். வைத்திய சாஸ்திரத்தில் இவ்வளவு மனுஷத்தன்மை வாய்ந்த பெயர் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை எழுப்பிய கொத்தனார் ஒருவர் இந்தப் பரீட்சை ஒட்டிய முதுகோடு ஒருநாள் வந்து நின்றார். வெகுநாளாக அவர் கைகளின் புறமெல்லாம் வெடித்துச் சாம்பல் பூத்திருக்கும். சாந்துச் சட்டியிலிருந்து கையை எடுத்தால் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார். யாரோ சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சட்டையைத் தூக்கிக் காட்டினார்: இரண்டு பத்தியாகப் பிளாஸ்திரி, பக்கத்தில் ஊதா மையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள், கணக்கப்பிள்ளையின் பேரேடு மாதிரி. “ரெண்டு நாள் குளிக்கப்படாதாம், வேர்வை படப்படாதாங்க ஐயா. வேர்வை படாம கொத்தனாருக்கு ஏதுங்க கூலி?” என்றார். மறுவாரம் வந்தபோது பிளாஸ்திரி இல்லை. பத்தியில் ஓரிடத்தில் மட்டும் காசளவு கறுஞ்சிவப்பாகத் தடிப்பு. டைக்ரோமேட் இருந்த இடம் அது.

சிமெண்டுக்கும் டைக்ரோமேட்டுக்கும் என்ன உறவு? இந்தக் கேள்விக்கு 1950-இல்தான் விடை கிடைத்தது. சிமெண்ட் காரமான பண்டம். அதை நேராக ஒட்டிப் பார்த்தால் யார் தோலும் வெந்துபோகும், ஒன்றும் தெளிவாகாது. ஸ்விட்ஸர்லாந்தில் யேகர், பெல்லோனி என்ற இருவர், சிமெண்ட் கரப்பான் வந்த 32 பேருக்கு டைக்ரோமேட்டை ஒட்டிப் பார்த்தார்கள்; நூற்றுக்குத் தொண்ணூற்றுநாலு வீதம் தடித்தது. வேறு காரணத்தால் கரப்பான் வந்த 168 பேருக்கும் ஒட்டினார்கள். நூற்றுக்கு ஐந்து வீதந்தான். டைக்ரோமேட் குரோமியத்தின் உப்பு; சிமெண்டுக்கு மூலமான சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் அணுப்பிரமாணமாக இருக்கும் குரோமியம், சூளையின் கடுஞ்சூட்டில் தண்ணீரில் கரையும் விஷரூபத்தை அடைகிறது என்று தெரியவந்தது. குற்றவாளி தெரிந்தும் முப்பது வருஷம் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1981-இல் டென்மார்க்கில் சிமெண்டோடு சிறிதளவு அன்னபேதியைக் கலக்க ஆரம்பித்தார்கள்; ஆம், நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அதே அன்னபேதிதான். குரோமியத்தை அது சாந்தமான ரூபத்துக்குத் திருப்பிவிடுகிறது. கரையும் குரோமியம் பத்துலட்சத்தில் இரண்டு பங்குக்குமேல் போகக்கூடாது என்ற சட்டம் 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அமுலில் இருக்கிறது.

நிக்கலின் கதையும் டென்மார்க்கில்தான் முடிகிறது. முலாம் பூசும் தொழிலாளிகளின் கரப்பானைப் பற்றி பெர்லினில் பிளாஷ்கோ என்ற வைத்தியர் 1889-இலேயே எழுதியிருந்தார். அப்புறம் அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து, பெண்களின் காலுறைப் பட்டையின் கொக்கியில் ஏறித் தொடையிலும், பிறகு நீலக் கால்சராயின் பொத்தானில் ஏறித் தொப்புளுக்குக் கீழும், காதுகுத்தும் நாகரிகம் பரவியபின் காதுமடலிலும் குடியேறிற்று. உடுப்பு மாற மாற நோயின் இடமும் மாறியதால், கரப்பான் எங்கே இருக்கிறது என்று பார்த்தே எந்தப் பத்தாண்டு என்று சொல்லிவிடலாம். ரஷ்யரான சுகாயெஃப் 1905-இல் கண்ட ஒரு ரசாயனத்தைப் பஞ்சில் தொட்டு உலோகத்தின்மேல் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஜா நிறமாகிவிடும்; இந்தப் பஞ்சை வைத்துக்கொண்டு வைத்தியர்கள் நோயாளியின் தோடு, சாவி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். டென்மார்க்கு 1990-இல் தோலோடு உரசும் பொருள்களில் நிக்கல் கசிவதற்கு வரம்பு கட்டிற்று. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியமும் பின்தொடர்ந்தது. பிரிமுலாவுக்கு நேர்ந்ததோ இன்னும் விநோதம். 1990-களில் தோட்டக்காரர்கள் பிரிமின் இல்லாத பிரிமுலாவையே வளர்த்தெடுத்துவிட்டார்கள். பிளாக் படிகமாகப் பிரித்த விஷம், செடியிலிருந்தே பிரிந்துபோயிற்று.

ஐரோப்பிய ஜாபிதாவை அப்படியே பெயர்த்தெழுதிக்கொண்டு வந்து நம் நாட்டு முதுகில் ஒட்டினால் பாதி உண்மைதான் தெரியும். டெல்லியில் பஸ்ரிச்சா போன்ற வைத்தியர்கள் இதை உணர்ந்து நம் நாட்டுப் பொருள்களையும் பரீட்சையில் சேர்த்தார்கள். முக்கியமானது பார்த்தீனியம்: 1956-இல் புனேயில் முளைத்திருப்பதாகக் குறிக்கப்பட்ட அந்நியக் களை, சில வருஷங்களுக்குள் ரயில்பாதையோரமெல்லாம் வெள்ளைப்பூத் தூவி நின்றது, அதன் தூள் காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் படிந்து வயல்வேலைக்காரர்களைப் படுத்தின பாட்டைப் பற்றி 1974-இல் கட்டுரை வந்தது. பெண்களின் நெற்றியில் ஒட்டுப்பொட்டு இருந்த இடத்தில் பொட்டளவு வெள்ளையாகத் தோல் வெளுத்துப்போவதற்குக் காரணம், பொட்டின் நிறமல்ல, பின்புறத்துப் பசையிலுள்ள ஒரு ஃபினால் சரக்கே என்று அலகாபாத்தைச் சேர்ந்த பஜாஜும் அவருடைய சகாக்களும் 1990-இல் எழுதினார்கள். தலைச்சாயப் பொட்டலத்தின்மேல், முதலில் காதுக்குப் பின்னால் சிறிது தடவி நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்கவேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதும் யாடஸோனின் சொத்துதான். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயம் வாங்குகிறவர் யார் இரண்டு நாள் காத்திருக்கிறார்!

கொத்தனாரிடம் வைத்தியர் ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்திருந்தார்: சிமெண்ட், தோல் செருப்பு, தோல் கையுறை ஆகாது. செருப்பு எதற்காக என்று எனக்கே முதலில் விளங்கவில்லை. பிறகு அவருடைய பாதங்களைக் குனிந்து பார்த்தேன். குரோமியத்தில் பதனிட்ட வார் படியும் இடத்தில், இரண்டு பாதங்களிலும், கட்டைவிரலிலிருந்து பிரிந்து போகும் இரண்டு கறுத்த கோடுகள், செருப்பைக் கழற்றிய பின்பும் செருப்புப் போட்டிருப்பது போலவே தெரிந்தன. அவர் அதைச் சேற்றுப்புண் என்று நினைத்திருந்தார். “ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யலாமே?” என்றேன். “கையுறை போட்டா கரணை கையில நிக்காதுங்க. பூச்சு கோணிப்போச்சுன்னா மேஸ்திரி திட்டுவார்” என்றார்.

மறு மாதம் பக்கத்துத் தெருவில் சாரத்தின்மேல் நின்று பூசிக்கொண்டிருந்தவரைக் கண்டேன். காலில் புதுப் பிளாஸ்டிக் செருப்பு. கையில் பழைய கரணை, விளக்கெண்ணெய் பூசிய பழைய வெடிப்பு.